சத்தமில்லாத ஏர் கூலர்: ஏசி இல்லாத அறைக்கு ப்ராசஸர் கூலர் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

மதுரையில் இருக்கும் அக்கா மகன் போன பங்குனியில் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்குக் கூப்பிட்டான். "மாமா, இந்தக் கம்ப்யூட்டர் சத்தத்துல அப்பத்தா தூங்கவே மாட்டேங்குது. கூலர் மாத்தணும், எது வாங்கட்டும்?" அவன் பேசும்போதே பின்னால் அந்த இரைச்சல் எனக்குக் கேட்டது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை. ஏசி கிடையாது. இன்டெல் கோர் ஐ5-12400 ப்ராசஸர், அதோடு டப்பாவில் வந்த ஸ்டாக் கூலர். லிக்விட் கூலர் (சூட்டைக் குழாயில் ஓடும் நீர் வழியாக வெளியேற்றுவது) போட்டால்தான் சரியாகும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். அதில் பாதி விலைக்கும் கீழே ஒரு ஏர் கூலரில் (உலோகமும் ஃபேனும் மட்டும் உள்ளது) வேலை முடிந்தது. அடுத்து வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் நானும் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏர் கூலரில் சத்தம் போடுவது ஃபேன் மட்டும்தான். உலோகம் சத்தம் போடாது. உலோகம் தாராளமாக இருந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும். உலோகம் குறைந்தால் ஃபேன் ஓடி ஓடி அதை ஈடுகட்ட வேண்டும். ஆகவே அமைதி வேண்டுமென்றால் தேவைக்கு ஒரு படி பெரிய கூலரை வாங்கி, அதை மெதுவாக ஓட விடவேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்தக் கணக்கைத்தான் சுற்றி வருகின்றன.

படி 1: சத்தம் எங்கிருந்து வருகிறது?

காசைச் செலவழிப்பதற்கு முன் இதைக் கண்டுபிடியுங்கள். கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றுங்கள். ஒரு செய்தித்தாளைக் குழல் மாதிரிச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு ஃபேனுக்கும் அருகே, இறக்கைகளில் படாமல் கொண்டுபோங்கள். ப்ராசஸர் கூலர், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), கேபினட் ஃபேன்கள், பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதுவும். எது எவ்வளவு கத்துகிறது என்பது தெளிவாகப் பிரிந்து கேட்கும்.

அவனுடைய கேபினட்டில் முன்பக்கம் மூன்று வண்ண விளக்கு ஃபேன்கள். காகிதக் குழலை அங்கே வைத்ததும் அவன் முகம் மாறிவிட்டது. பாதி இரைச்சல் அங்கிருந்துதான் வந்தது. காரணம் வயரில் இருந்தது. மூன்றும் மோலெக்ஸ் கனெக்டர் வழியாக நேராக எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டப்பட்டிருந்தன. அப்படி மாட்டினால் ஃபேனுக்கு எப்போதும் முழு 12 வோல்ட் போகும். கம்ப்யூட்டர் சும்மா இருந்தாலும் அது முழு வேகத்தில்தான் சுற்றும். மதர்போர்டால் அதைக் கட்டுப்படுத்த முடியாது. குறைந்த விலை கேபினட்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஃபேனில் மூன்று பின் கனெக்டரும் இருந்தால், அதை மதர்போர்டில் கேபினட் ஃபேனுக்கென உள்ள இடத்தில் மாட்டி, பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) டிசி முறையை, அதாவது மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்து வேகத்தைக் குறைக்கலாம். ஒரே இடத்தில் பல ஃபேன்களை இணைக்கும்போது மொத்த மின்னோட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலான போர்டுகளில் ஓர் இணைப்புக்கு 1 ஆம்பியர்தான் வரம்பு. கூலர் வாங்காமலேயே பாதிச் சத்தம் அன்றைக்கே அடங்கியது.

கதவைக் கழற்றியிருக்கும்போதே இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். ப்ராசஸருக்குக் கனமான வேலை கொடுத்து, கதவு மூடியபடி பத்து நிமிடம், திறந்தபடி பத்து நிமிடம் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். திறந்ததும் ஏழெட்டு டிகிரி இறங்கினால், கூலருக்குப் போய்ச்சேர வேண்டிய காற்றே கேபினட்டுக்குள் வரவில்லை என்று அர்த்தம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியால் அடைத்த கேபினட்டுக்குள் எவ்வளவு நல்ல கூலரை வைத்தாலும் அது சுடுகாற்றைத்தான் சுற்றிச் சுற்றித் தள்ளும்.

படி 2: உங்கள் ப்ராசஸர் உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது?

டப்பாவில் போட்டிருக்கும் டிடிபி (ப்ராசஸர் வெளிவிடும் சூட்டின் அடிப்படை வாட்) எண்ணை நம்பிக் கூலர் வாங்கக்கூடாது. ஐ5-12400-இன் அடிப்படை 65 வாட்; ஆனால் இன்டெல் குறிப்பிடும் உச்ச டர்போ அளவு (முழு வேகத்தில் ஓடும்போது) 117 வாட். ஐ5-13400-க்கு அதே 65 வாட் அடிப்படை, உச்சம் 148. ஐ5-13600கே என்றால் 125-உம் 181-உம். ஐ7-13700கே, ஐ9-13900கே இரண்டுக்கும் உச்சம் 253 வாட்.

ஏஎம்டியில் கணக்கு எளிது. ஏஎம்5 சாக்கெட் (மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) ரைசன்களில் டிடிபி எண்ணை 1.35-ஆல் பெருக்கினால் சாக்கெட் வழியாகப் போகக்கூடிய உச்சம் கிடைக்கும்: 65 என்றால் 88 வாட், 105 என்றால் 142, 170 என்றால் 230. ரைசன் 7 7800எக்ஸ்3டி மாதிரியான கேமிங் சிப்கள் இந்த வரம்பைக் கிட்டக்கூட நெருங்காது.

உங்கள் கணினியிலேயே அளந்து பார்ப்பது இன்னும் நல்லது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ப்ராசஸர் பேக்கேஜ் பவர் என்ற வரியைப் பாருங்கள். நீங்கள் வழக்கமாகச் செய்யும் கனமான வேலையை, வீடியோ எடிட்டிங்கோ கேமோ, அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்துச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்கா மகனுக்கு அது 75 வாட் வந்தது. கூலரைத் தீர்மானிக்க வேண்டியது அந்த எண்தான்.

படி 3: அறையில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள்

நம் ஊரில் இந்தப் படிதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. கூலர் விமர்சனங்களை அதிகமாகச் செய்பவர்கள் குளிர்நாட்டவர்கள், அல்லது ஏசி அறையில் சோதிப்பவர்கள். அங்கே அறை வெப்பநிலை 20 முதல் 25 டிகிரி. மதுரையில் அந்த அறையில் மத்தியானம் மூன்று மணிக்கு நான் வைத்த தெர்மாமீட்டர் 35 காட்டியது. காங்கிரீட் கூரை பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும்.

ஏர் கூலரால் ப்ராசஸரை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறைக்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதுதான் அதன் திறமை. விமர்சனத்தில் 22 டிகிரி அறையில் 70 காட்டிய கூலர், அறைக்கு மேல் 48 டிகிரியில் நிறுத்துகிறது. அதே கூலர், அதே ஃபேன் வேகம், 35 டிகிரி அறை என்றால் 83. சிப்புக்கு அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் மதர்போர்டு 83-ஐப் பார்த்ததும் ஃபேனை விரட்ட ஆரம்பித்துவிடும். விமர்சனத்தில் "மிக அமைதி" என்று பெயர் வாங்கிய கூலர் நம் வீட்டில் சீறுவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே விமர்சனம் படிக்கும்போது அறைக்கு மேல் எத்தனை டிகிரி என்ற எண்ணைத் தேடி, அதோடு உங்கள் வீட்டுச் சித்திரை மாத அறை வெப்பநிலையைக் கூட்டுங்கள். கேபினட்டுக்குள் கிராபிக்ஸ் கார்டு இருந்தால் இன்னும் ஐந்து டிகிரி சேர்த்துக்கொள்ளுங்கள். வந்த கூட்டுத்தொகை 80-க்குள் இருந்தால் எனக்குத் திருப்தி.

படி 4: உலோகத்தைப் பாருங்கள்

டவர் கூலரின் அடியில் இருக்கும் செம்புக் குழாய்கள்தான் ஹீட் பைப். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் நீர் மட்டும் வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் நீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகி, மேலே அலுமினியத் தகடுகள் இருக்கும் குளிர்ந்த பகுதிக்குப் போய், அங்கே சூட்டை விட்டுவிட்டுத் திரும்ப நீராகும். குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்துளைப் படலம், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி, அந்த நீரைக் கீழே இழுத்துவரும். மோட்டாரும் இல்லை, தேய்மானமும் இல்லை. அதனால்தான் நல்ல ஹீட்சிங்க் (குழாயும் தகடும் சேர்ந்த உலோகப் பகுதி) ஒன்று ஃபேனை மாற்றி மாற்றிப் பல வருடம் உழைக்கும்.

நான் கைக்கொள்ளும் அளவு இது. 90 வாட் வரை: நான்கு ஹீட் பைப், ஒற்றை டவர், 120 மி.மீ. ஃபேன். 90 முதல் 150 வாட்: ஆறு ஹீட் பைப், இரட்டை டவர், இரண்டு ஃபேன். 150-க்கு மேல் 200 வாட் வரை: இரட்டை டவரிலேயே ஆகப் பெரியது, கூடவே பயாஸில் மின்வரம்பு (ப்ராசஸர் இழுக்கும் வாட்டுக்கு ஓர் எல்லை). 250 வாட்டைத் தொடர்ந்து இழுக்கும் ஐ9-ஐ ஏசி இல்லாத அறையில் ஏர் கூலரால் சத்தமில்லாமல் அடக்க முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு மட்டும் 360 மி.மீ. லிக்விட் கூலர் நியாயமான தேர்வு. மற்றபடி லிக்விட் கூலரில் பம்ப் என்று சத்தம் போடும் பொருள் இன்னொன்று சேர்கிறது. பம்ப் போனால் மொத்தமும் போச்சு.

படி 5: டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்

கேபினட்டின் விவரக் குறிப்பில் ப்ராசஸர் கூலருக்கான அதிகபட்ச உயரம் போட்டிருக்கும். கூலர் உயரம் அதைவிடக் குறைந்தது 3 மி.மீ. குறைவாக இருக்கட்டும். டீப்கூல் ஏகே400 155 மி.மீ., ஏகே620 160 மி.மீ., தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155 மி.மீ., நாக்டுவா என்ஹெச்-டி15 165 மி.மீ., 2024-இல் வந்த அதன் ஜி2 பதிப்பு 168 மி.மீ. இந்தக் கடைசி இரண்டும் பல நடுத்தர கேபினட்களில் கதவை மூட விடாது. எனக்கே ஒருமுறை 4 மி.மீ. இடித்து, கண்ணாடிக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று வாரம் ஓட்ட வேண்டியதாகிவிட்டது.

அடுத்து ரேம். தலையில் விளக்கு வைத்த ரேம்கள் 40 மி.மீ. உயரத்தைத் தாண்டும். இரட்டை டவரின் முன் ஃபேன் அதன் மேல் வந்து உட்காரும். ஃபேனைக் கிளிப்போடு மேலே ஏற்றினால் இடம் கிடைக்கும், ஆனால் மொத்த உயரம் கூடிவிடும். ஒற்றை டவரில் இந்தத் தொல்லை அநேகமாக இருக்காது.

சாக்கெட் விஷயத்தில் இரண்டே குறிப்பு. இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டைச் சுற்றிக் கூலர் மாட்டும் துளைகளின் இடைவெளி 78 மி.மீ.; அதற்கு முந்தைய எல்ஜிஏ 1200-க்கு 75. பழைய கூலரை எடுத்து மாட்ட நினைத்தால் 1700-க்கான கிட் கட்டாயம் வேண்டும். எல்ஜிஏ 1851-க்கு 1700 இடைவெளியே பொருந்தும். ஏஎம்5-இல் பின்தகடு (போர்டின் பின்புறம் கூலரைத் தாங்கும் தகடு) போர்டோடு நிலையாக இருக்கும், கழற்றக்கூடாது. தன் சொந்தப் பின்தகட்டைப் போடச் சொல்லும் பழைய கூலர் அதில் ஏறாது.

படி 6: டெசிபல் எண்ணைப் படிக்கும் விதம்

டப்பாவில் 25 டெசிபல் என்று போட்டிருப்பதை ஒப்பிட்டு வாங்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக, ஒவ்வொரு தூரத்தில் அளக்கிறது. ஃபேனின் அளவும் உச்ச சுற்று வேகமும் இதைவிட உதவும். ஒரே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும். காற்றின் அளவோ பாதிதான் குறைகிறது. பெரிய ஹீட்சிங்கில் அந்தப் பாதிக் காற்றுக் குறைவுக்கு நாம் கொடுக்கும் விலை சில டிகிரிகள் மட்டுமே. இந்த வியாபாரம் எப்போதும் நமக்கு லாபம்.

ஃபேன் இரண்டாக இருந்தால் இரட்டிப்புச் சத்தம் என்று பயப்பட வேண்டாம். ஒரே அளவு சத்தமுள்ள இரண்டு ஃபேன் சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும்.

நாலு பின் உள்ள பிடபிள்யூஎம் (வேகத்தைச் சொல்லத் தனிக் கம்பி உள்ள) ஃபேனாகவே வாங்குங்கள். குறைந்த வேகத்திலும் நிதானமாகச் சுற்றும். பேரிங்கில் ஃப்ளூயிட் டைனமிக் அல்லது ஹைட்ராலிக் வகை நல்லது. மலிவான ஸ்லீவ் பேரிங் சூட்டில் எண்ணெய் வற்றி, ஒரு கோடை தாண்டியதும் 'கிர்ர்' என்று ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தம் அளவில் சின்னதாக இருந்தாலும் தூங்குகிறவர் காதில் ஊசி மாதிரி இறங்கும்.

என் தேர்வு

75 வாட், 160 மி.மீ. இடம், 35 டிகிரி அறை. அக்கா மகனுக்கு ஏகே400 வாங்கினோம். இதே வகையில் தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 (148 மி.மீ.) கிடைத்தால் அதையும் தயங்காமல் வாங்குவேன். ரைசன் 7, ரைசன் 9, ஐ7 வைத்திருப்பவர்கள் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ அல்லது ஏழு ஹீட் பைப் கொண்ட ஃபாண்டம் ஸ்பிரிட் 120 எஸ்இ பக்கம் போங்கள். நாக்டுவா ஃபேனின் தரமும், புது சாக்கெட் வரும்போது அவர்கள் கொடுக்கும் மாட்டும் கிட்டும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதன் விலைக்கு நம் ஊரில் ஒரு எஸ்எஸ்டியும் சேர்த்து வாங்கலாம் என்பதால் மாணவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை.

படி 7: மாட்டும்போது

இன்டெல் ஸ்டாக் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களை அவற்றின் தலையில் உள்ள அம்புக்குறி காட்டும் திசையில் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் கழன்றுவிடும். ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் மிகக் கவனம். கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, கூலரை இடதும் வலதுமாக மெல்லத் திருகி, இடையில் உள்ள பசையை (தெர்மல் பேஸ்ட்) இளக்கி, அப்புறம்தான் தூக்க வேண்டும். நேராக மேலே இழுத்தால் பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரே பிய்ந்து கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும். ஏஎம்4-இல் மேலே உள்ள பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றும்போது பின்தகட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பின்னால் விழுந்துவிடும்.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். புதிதாக நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கட்டாயம் உரியுங்கள். அதை மறந்து மாட்டிவிட்டு "கூலர் வேலை செய்யவில்லை" என்று வந்த இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். திருகுகளை ஒரேயடியாக முறுக்காமல் இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஃபேனில் குறுக்குச் சட்டங்கள் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். அது கேபினட்டின் பின்பக்கத்தைப் பார்த்து இருக்கட்டும்.

படி 8: பயாஸில் பத்து நிமிடம்

நல்ல கூலரை வாங்கி மாட்டிவிட்டு இந்தப் படியைச் செய்யாமல் விட்டால் கொடுத்த காசில் பாதி வீண். மதர்போர்டுக்காரர்கள் வைத்து அனுப்பும் ஃபேன் கணக்கு பயந்த சுபாவம் கொண்டது. நொடிக்கு நொடி ஏறி இறங்கும் வெப்பநிலையைப் பார்த்து அதுவும் ஏறி இறங்கும். பிரவுசரைத் திறந்தால் 'வூம்' என்று எழுந்து உடனே அடங்கும். ஒரே சீராக ஓடும் சத்தம் காதுக்குப் பழகிவிடும். எழுந்து அடங்கும் சத்தம் பழகவே பழகாது. அப்பத்தாவை எழுப்பியது இதுதான்.

அசூஸில் க்யூ-ஃபேன், எம்எஸ்ஐயிலும் கிகாபைட்டிலும் ஸ்மார்ட் ஃபேன் என்ற பகுதிக்குப் போங்கள். நாங்கள் வைத்த கணக்கு: 65 டிகிரி வரை 35 சதவீதம், அசையாமல். 75-க்கு 55 சதவீதம். 85-க்கு 75. 95-க்கு முழு வேகம். குளிர்நாட்டுக்காரர்கள் 50 டிகிரியிலேயே வேகத்தைக் கூட்டச் சொல்வார்கள்; 35 டிகிரி அறையில் சும்மா இருக்கும் சிப்பே 50-ஐ நெருங்கும் என்பதால் அது நமக்கு ஒத்துவராது. ஐ5-12400-இன் வரம்பு 100 டிகிரி. 75, 80-இல் அது நிம்மதியாக இருக்கும். பிறகு அதே பக்கத்தில் வேகம் கூடுவதற்கான தாமதம் என்ற அமைப்பைத் தேடி மூன்று முதல் ஐந்து நொடி வையுங்கள். குட்டிக் குட்டி வெப்பநிலைத் துள்ளல்களை ஃபேன் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் சிப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். அவை முழு வேலையில் 95 டிகிரியைத் தொடும்படியே வடிவமைக்கப்பட்டவை. எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும், மிச்சமாகும் குளிர்ச்சியை வேகமாக மாற்றிக்கொண்டு மறுபடி 95-க்கே ஏறப்பார்க்கும். அங்கே ஃபேனை விரட்டிப் பயனில்லை. பயாஸில் ஈகோ மோடைப் போடுங்கள். வாட் கணிசமாகக் குறையும், வேகத்தில் இழப்பு அன்றாட வேலையில் தெரியவே தெரியாது. இன்டெல்லில் இதே வேலையைச் செய்வது பிஎல்1, பிஎல்2 என்ற மின்வரம்புகள். எம்எஸ்ஐ போர்டுகள் சில முதல்முறை ஆன் செய்யும்போது எந்தக் கூலர் என்று கேட்கும். பெருமைக்காக 'வாட்டர் கூலர்' என்று தட்டிவிடாதீர்கள். மின்வரம்பு கிட்டத்தட்ட எடுபட்டுவிடும்.

எங்கள் கணக்கு முடிவில் இப்படி வந்தது. ஸ்டாக் கூலரில் முழு வேலையின்போது 92 டிகிரி, ஃபேன் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. புதியதில் அதே மத்தியானச் சூட்டில் 74 டிகிரி, 1,000 சுற்று. ராத்திரி பாடம் படிக்கும்போது 650 சுற்று; அறையில் சீலிங் ஃபேன் சத்தம்தான் கேட்கிறது.

அப்புறம் பராமரிப்பு

ரோட்டோர வீடு என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மற்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள். டவர் கூலரில் ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒரு படலம் சேரும்; வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஃபேனின் கம்பிக் கிளிப்பை நீக்கித்தான் பார்க்க வேண்டும். பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெடும். தெர்மல் பேஸ்ட்டை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். அதற்கு முன்பே வெப்பநிலை ஏறத் தொடங்கினால் முதலில் தூசியைப் பாருங்கள், பிறகு திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள், பேஸ்ட்டைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.